நஞ்சே இல்லாமல் நாசம் செய்த கிருமி

கேள்வி: செடிகளைத் தாக்கும் பாக்டீரியாக்கள் நஞ்சு சுரக்குமாம். அவற்றின் ஜீனோமை (ஓர் உயிரின் முழு மரபணுத் தகவலை) ஒப்பிட்டுப் பார்த்தாலே எது அதிக ஆபத்தானது என்று சொல்லிவிடலாமா? – ஈரோடு வாசகி

பதில்: அப்படிச் சொல்ல முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிவி விவசாயிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கிவிக் கொடியைத் தாக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு, சூடோமோனாஸ் சிரிஞ்சே ஆக்டினிடியே என்று நீளமான பெயர், சுருக்கமாகப் பி.எஸ்.ஏ. 1980களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அந்த ஜப்பான் வகையிடம் பேசியோலோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. செடி தனக்குத் தேவையான அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை அது முடக்கிவிடும், இலையில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் விழும். சரி, அந்த நஞ்சு கிருமியையே கொன்றுவிடாதா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது: நஞ்சுக்கு மசியாத இன்னொரு நொதிக்கான மரபணுவை, நஞ்சு மரபணுக்களோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

சுவாரசியம் இதற்கு அப்புறம்தான். பீன்ஸ் செடியைத் தாக்கும் ஓர் உறவுக்காரக் கிருமியிடமும் இதே நஞ்சு மரபணுத் தொகுப்பு இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட எழுத்து மாறாமல். இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் மற்ற பக்கங்கள் எல்லாம் ஆங்காங்கே வேறுபட்டு, ஒரே ஒரு பக்கம் மட்டும் அச்சு அசலாக இருந்தால் என்ன நினைப்போம்? அதேதான். தாயிடமிருந்து மகளுக்கு வராமல், பக்கத்து வீட்டிலிருந்து கைமாறி வந்த சரக்கு அது. ஒப்பிட்டுப் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

கொரிய வகையிடம் இருப்பது வேறு நஞ்சு, கொரோனாடின். கிருமி வருவது தெரிந்ததும் செடி இலைத்துளைகளைச் சாத்திக்கொள்ளும். கொரோனாடின் செடியின் ஹார்மோன் போலவே வேஷம் போட்டு அவற்றைத் திறக்க வைத்துவிடும். திருடனே காவல்காரன் குரலில் கூப்பிடுகிற மாதிரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2008இல் இத்தாலியிலும், 2010 நவம்பரில் நியூசிலாந்தின் டே புகே பகுதியிலும் வெடித்து, தங்கநிறக் கிவித் தோட்டங்களை வெட்டி எறிய வைத்ததே, அந்த வகையின் ஜீனோமைப் படித்தபோது இந்த இரண்டு நஞ்சுக்கான மரபணுக்களுமே அதில் இல்லை! இருப்பதிலேயே மோசமானது இதுதான், கையில் இந்த ஆயுதங்கள் இல்லை. ஊசி போன்ற அமைப்பு வழியாகச் செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி அதன் எதிர்ப்பைக் குலைப்பதுதான் இதன் முக்கிய வேலை, அந்தப் புரதப் பட்டியலும் வகைக்கு வகை மாறுகிறது. அதனால் நஞ்சு மரபணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து ஆபத்தை அளப்பது, என்னைக் கேட்டால், அரிவாள் இருக்கிறதா என்று பார்த்து ரவுடியை அடையாளம் காண்பது போலத்தான்.

ஆனால் ஜீனோம் ஒப்பீடு வீண் என்று சொல்லவில்லை. அந்தக் கொள்ளைநோய் வகையின் வேர் கிழக்காசியாவில் இருப்பதை அதுதான் காட்டியது. நியூசிலாந்துக்கு வந்த பிறகு அங்குள்ள வேறு பாக்டீரியாக்களிடமிருந்து தாமிரத்தைத் தாங்கும் மரபணுக்களை இந்தக் கிருமி வாங்கிக்கொண்டதும் அதனால்தான் தெரிந்தது. தாமிர மருந்தைத்தானே தோட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

கேள்வி: அப்படியானால் கடையில் வாங்கும் கிவிப் பழத்தைச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. இது கொடிக்கு வரும் நோய், மனிதரைத் தொற்றாது. தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுங்கள், சீவாமலும் சாப்பிடுகிறார்கள், எனக்குத்தான் அந்த முடி பிடிக்காது.