கடலுக்குள் கார்பன் ஸ்டீல் கத்தி: கேள்விகளும் பதில்களும்

டைவிங் போகிறவர்கள் கத்தி துருப்பிடிப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கத்தி தீட்டுவதும் கடலில் இறங்குவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: ஒரு மணி நேரம்தான் தண்ணீருக்குள் இருந்தேன். மறுநாள் காலை உறையிலிருந்து எடுத்தால் அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். கடல் தண்ணீர் இவ்வளவு வேகமாகவா அரிக்கும்?

பதில்: அரித்தது அந்த ஒரு மணி நேரம் இல்லை, அதற்கப்புறம் வந்த இரவு. இது ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், ஆக்ஸிஜனும் வேண்டும். கடலுக்குள் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். மேலே வந்ததும் நிலைமை மாறுகிறது. அலகின் மேல் மெல்லிய ஈரப்படலம் மட்டும் நிற்கிறது, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதைக் கடந்து இரும்பைத் தொட நேரமே ஆகாது. தண்ணீர் வற்ற வற்ற, 3.5 சதவீதமாக இருந்த உப்பு இன்னும் கெட்டியாகிறது.

துணியால் துடைத்துக் காயவைத்தேன் என்பார்கள். தண்ணீர் போயிருக்கும், உப்பு போயிருக்காது. சாப்பாட்டு உப்பு கசிந்து ஈரமாக, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதம் இருக்க வேண்டும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். உங்களுக்குக் காய்ந்ததாகத் தெரிகிற கத்தி, துருவைப் பொறுத்தவரை இன்னும் ஈரக் கத்திதான்.

ஆகவே படகிலேயே ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருங்கள். ஏறியதும் கத்தியை உறையிலிருந்து உருவி அலகு, பிடி, ரிவெட்டைச் சுற்றிய இடுக்கு எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் மறுபடி கழுவுங்கள். உலோகம் சூடாக இருந்தால் ஈரம் சீக்கிரம் பறந்துவிடும். அப்புறம் துடைத்து, எண்ணெய் போட்டு, உறைக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: இறங்குவதற்கு முன்னால் எதைத் தடவுவது? டபிள்யூ.டி.40 போதுமா?

பதில்: போதாது. அந்தப் பெயரே 'தண்ணீரை விலக்கும் 40ஆவது கலவை' என்பதன் சுருக்கம்தான், 1953இல் உருவானது. கழுவிய பிறகு இடுக்கில் தங்கிய தண்ணீரை வெளியே தள்ள அருமையான சாமான். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மிக மெல்லியது, கடலில் நிற்காது. இறங்குவதற்கு முன் வாசலின் மாதிரி கெட்டியானது எதையாவது, விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்து அலகு முழுக்கத் தேயுங்கள். ரிவெட்டின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக.

ஒன்றை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: அந்தக் கையோடு ரெகுலேட்டரையும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) சிலிண்டர் வால்வையும் தொடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெயும் ஆக்ஸிஜன் அதிகமுள்ள வாயுவும் அழுத்தத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். உடம்பு நனையாமல் காக்கும் டிரை சூட்டின் லேடெக்ஸ் பட்டையையும் வாசலின் கெடுத்துவிடும். முதலில் கத்தி, பிறகு சோப்புப் போட்டுக் கை, அதற்குப் பிறகுதான் மற்ற சாமான்கள்.

கேள்வி: சமையல் எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டாம். நாளானால் பிசுபிசுத்துக் கெட்டியாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்து அலகைக் கறுப்பாக்கிவிட்டால் அப்புறம் துரு வராது என்கிறார்களே?

பதில்: சமையலறையில் ஓரளவு உண்மை. கறுப்புப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் அதில் நுண்ணிய ஓட்டைகள் ஏராளம், உப்பிலுள்ள குளோரைடு அதன் வழியாக உள்ளே போய்விடும். எண்ணெயைப் பிடித்துவைக்க உதவும், எண்ணெய்க்குப் பதிலாக ஆகாது. தவிர, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் விளிம்பில் அந்தப் படலம் போய்விடும்.

கேள்வி: கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறார்கள் அல்லவா? கத்திப் பிடியிலும் ஒரு சின்னத் துண்டு வைத்தால் என்ன?

பதில்: நல்ல கேள்வி. இந்த வேலையை 1824இல் ஹம்ஃப்ரி டேவி தொடங்கிவைத்தார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு அரித்துப்போனது. அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்தால் அது கரையும், செம்பு தப்பிக்கும் என்று காட்டினார். செம்பு உண்மையிலேயே தப்பித்தது. ஆனால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை வந்து அப்பிக்கொண்டன.

கத்தியிலும் இது வேலை செய்யும், தண்ணீருக்குள் இருக்கும்வரை. துத்தநாகம் வெறும் இரும்பை நேராகத் தொட வேண்டும், நடுவில் கிரீஸ் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் முழுகியிருக்க வேண்டும். மேலே வந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆபத்து குறைவான ஒரு மணி நேரத்துக்குக் காவல் போட்டுவிட்டு, இரவில் கதவைத் திறந்துவைப்பது மாதிரி.

அதே நபர்: ஈரப்படலம் ஒட்டியிருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அதிலும் உப்பு இருக்கிறதே, மின்சாரம் கடத்தாதா? கால்வனைஸ் செய்த தகடு காற்றில்தானே கிடக்கிறது, அது எப்படித் தாங்குகிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 'போய்விடும்' என்று நான் ஒரேயடியாகச் சொன்னது தவறு. படலம் கடத்தும், ஆனால் அது மிக மெல்லியதாக இருப்பதால் துத்தநாகத்தின் கை சில மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது. கால்வனைஸ் தகட்டில் துத்தநாகம் மேற்பரப்பு முழுவதும் இருக்கிறது, கீறல் விழுந்தாலும் இரண்டு பக்கமும் அது பக்கத்திலேயே நிற்கிறது. பிடியில் வைத்த கட்டி முனையைக் காப்பாற்றாது.

இன்னொருவர்: நான் வைத்திருக்கிறேன். மூன்று டைவ் ஆகியும் ஒரு புள்ளி துரு இல்லை.

பதில்: ஒவ்வொரு முறையும் கழுவினீர்களா?

அவரே: கழுவினேன்.

பதில்: அப்படியானால் எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு இரும்பு ஆணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தலைப்பக்கம் துத்தநாகத் துண்டை இறுக்கிக் கட்டி, இரண்டையும் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். கட்டியது பளபளப்பாகவே இருக்கும், மற்றது பழுப்பாகிவிடும். இனி கட்டிய ஆணியைக் கழுவாமல் ஒரு தட்டில் ஓர் இரவு வையுங்கள். நான் செய்து பார்த்தபோது துத்தநாகத்தை ஒட்டி ஒரு விரற்கடை தூரம்கூடச் சுத்தமாக இல்லை, கூர்ப்பக்கம் சிவந்துபோனது.

மூன்றாமவர்: என் கத்தியில் பித்தளை ரிவெட். அதுவும் காப்பாற்றுமா?

பதில்: நேர் எதிர். பித்தளையோடு சேர்ந்தால் கரைவது இரும்புதான். உங்கள் கத்தியை இப்போதே ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், பிடிக்கு அடியில் அரிப்பு தொடங்கிவிட்டது. என் கத்தி ஒன்றில் அப்படித் தெரிந்து பிடியைக் கழற்றினேன். வெளியே அலகு கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே கடுகளவு குழிகள். ரிவெட் ஓரத்தில் உருக்கிய மெழுகை ஊறவிட்டு இடுக்கை அடைப்பது நல்லது.

கேள்வி: கழுவிய பிறகு உறையிலேயே வைக்கலாமா?

பதில்: கூடாது. நைலான் பட்டையும் தோலும் உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோல்தான் மிக மோசம். அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறை தேவலை. உறையையும் தனியாகக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: மேலே நல்ல கோட்டிங் இருந்தால் கழுவ வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். கூர் விளிம்பில் எந்தக் கோட்டிங்கும் கிடையாது.

கேள்வி: ஏற்கெனவே துரு வந்துவிட்டது. பிளீச்சில் போடலாமா?

பதில்: பிளீச்சை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இரும்பை இன்னும் அரிக்கும். வினிகரில் சில மணி நேரம் வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் போடுங்கள். மேல் துரு போய்விடும், குழி போகாது. விளிம்பை மறுபடி தீட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்கு ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடலாமே?

பதில்: வாங்கலாம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்பார்கள், ஆனால் கத்திக்குப் போடும் பல ரகங்களும் கடலில் புள்ளி விடும். கார்பனை வெகுவாகக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1 என்ற ஸ்டீல் ரகம் கடலுக்கு மிக நன்றாகத் தாங்குகிறது. டைட்டானியம் துருப்பிடிக்கவே பிடிக்காது, கூர்தான் சீக்கிரம் மழுங்கும். நான் கார்பன் ஸ்டீலை விடாததற்குக் காரணம், கல்லில் பத்துத் தடவை இழுத்தால் அது தருகிற கூர்மை.

ஆனால் கத்தி இருப்பது மீன்பிடி நரம்பிலோ வலையிலோ நீங்கள் சிக்கினால் அறுத்துக்கொண்டு வெளியே வர. துரு முதலில் தின்பதும் அந்தக் கூர் விளிம்பைத்தான். ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும் ஒரு துண்டு நைலான் நரம்பை அறுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் அறவில்லை என்றால் அந்தக் கத்தியோடு இறங்க வேண்டாம். துருப்பிடிக்காத இன்னொரு வெட்டுக்கருவியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: டைவ் முடிந்ததும் துணியால் துடைத்தால் போதாதா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நேற்றுக் கடலுக்குப் போனேன், கத்தியைக் கழுவ மறந்துவிட்டேன். வார இறுதியில் கழுவினால் பரவாயில்லையா?

பதில்: கத்தி இப்போது உறைக்குள் இருக்கிறதா? எழுந்து போய் வெளியே எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.