ஓநாய் செத்துப்போறத பிள்ளைகிட்ட சொல்லலாமா?

கடிதம்:

வணக்கம்க்கா. என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. எட் யங் வரைஞ்சு எழுதின 'லோன் போ போ' வாங்கிக் குடுத்தேன், சீனக் கதை. அம்மா பாட்டிய பாக்க ஊருக்குப் போனதும் ஓநாய் பாட்டி வேஷத்துல வந்து மூணு பிள்ளைங்களோட ஒரே கட்டில்ல படுத்துக்குது. அந்தப் பக்கம் வந்தாலே என் பொண்ணு கண்ண மூடிக்கிறா, ஆனா மறுநாளும் அதையே படிக்கச் சொல்றா. கடைசில ஓநாய் செத்துப்போறத "காட்டுக்கு ஓடிப்போச்சு"ன்னு மாத்திச் சொல்லிட்டேன். தப்பா? ஐரோப்பாவோட சிவப்புத் தொப்பி (ரெட் ரைடிங் ஹூட்) கதையோட காப்பிதானே இதுன்னு வீட்டுக்காரர் வேற கேக்குறார்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

தூங்குற நேரத்துல பிள்ளை பயந்து கெடந்தா யாருக்கும் அப்படித்தான் வாய்ல வரும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே மாத்தாதீங்க. காட்டுக்கு ஓடிப்போன ஓநாய் நாளைக்கு ராத்திரி திரும்பி வரலாம்ல? அஞ்சு வயசுப் பிள்ளை அதத்தான் யோசிச்சிட்டு படுத்திருக்கும்.

இந்தக் கதைல எனக்கு உசுரே அந்தக் கட்டில் காட்சிதான். இருட்டு, விளக்க ஓநாய் ஊதி அணைச்சிடுச்சு, மூத்தவ ஷாங் கால நீட்டுறா, வால் தட்டுப்படுது. பாட்டி உங்க கால்ல என்ன புதர் மாதிரி இருக்குன்னா, உங்களுக்குக் கூடை பின்ன சணல் கொண்டாந்தேங்குது. நகம் கையில படுது, அது செருப்பு தைக்கிற குத்தூசியாம். அவ சட்டுனு விளக்க ஏத்துறா, ஓநாய் மறுபடி ஊதிடுது, ஆனா அதுக்குள்ள அந்த மூஞ்சிய பாத்துட்டா. பாத்துட்டும் கத்தல. பாட்டி உங்களுக்குப் பசிக்குமே, ஜிங்கோ மரத்துக் கொட்டை சாப்பிட்டிருக்கீங்களா, குழந்தை தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும், ஒண்ணு தின்னா சாவே வராதுன்னு பேச்சக் குடுத்து தங்கச்சிங்க ரெண்டு பேரையும் மரத்துல ஏத்திடுறா பாருங்க, அந்த எடத்துல உங்க பொண்ணு மூஞ்சிய ஒருதடவை கவனிங்க.

ஜெர்மனில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்ட சிவப்புத் தொப்பிக் கதைல வேட்டைக்காரன் வந்துதான் காப்பாத்துறான், அதுக்கு முன்னாடி 1697ல பிரான்ஸ்ல பெரோ எழுதினதுல அந்தப் பொண்ண ஓநாய் தின்னுடும், அவ்வளவுதான். இங்க யாரும் வரல. கொட்டைக்கு ஆசைப்பட்ட ஓநாய கயிறு கட்டின கூடைல உக்காரவச்சு, மரத்து மேல இருந்து மொதல்ல ஷாங் ஒருத்தி பாதி தூரம் இழுத்து விட்டுடுறா, அடுத்து நடுவுலவ தாவோவும் சேர்ந்து, மூணாவது தடவ சின்னவ பாவோட்சேயும் கயித்தப் பிடிக்கிறா. அந்த விழுற விழுகைய எடுத்துட்டா சின்னவ பிடிச்ச கயித்துக்கு என்ன அர்த்தம்?

ஓநாய் பாவம்னு தோணிச்சுன்னா புத்தகத்தோட சமர்ப்பணத்த படிச்சுக் காட்டுங்க. நமக்குள்ள இருக்குற இருட்டுக்கு அடையாளமா தங்களோட நல்ல பேர கடன் குடுத்த உலகத்து ஓநாய்ங்க எல்லாத்துக்கும்னு எழுதியிருப்பார். நிஜ ஓநாய் மேல மரியாதை உள்ள மனுஷன்.

காப்பி விஷயம். புத்தகத்தோட துணைத்தலைப்புலயே சிவப்புத் தொப்பின்னு இருக்கிறதால அப்படித் தோணும். ஆனா சீனால 'ஓநாய் அம்மாச்சி' பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, தைவான்ல அதே கதைல புலி வரும், ராத்திரி படுக்கைல நறுக் நறுக்குனு சத்தம் கேட்டு என்ன திங்கிறீங்கன்னு அக்கா கேப்பா, கைல குடுக்குறது கூடப்பொறந்த பிள்ளையோட விரல். அதோட வச்சுப் பாத்தா எட் யங் சொன்னது எவ்வளவு இதமா இருக்கு! சீனாவ சிங் அரச வம்சம் ஆண்ட காலத்துலயே ஹுவாங் ஜிஜுன்ங்கிற எழுத்தாளர் இந்தப் புலிக்கிழவி கதைய எழுதிட்டார். 2013ல தெஹ்ரானிங்கிற மானிடவியலாளர் பல நாட்டு வடிவங்கள் 58ஐ ஒப்பிட்டுப் பாத்து, கிழக்காசியக் கதைகள் உள்ளூர்க் கதையும் வெளிய இருந்து வந்ததும் கலந்து உருவானதா இருக்கும்னார். காப்பின்னு ஒரே வார்த்தைல முடிக்க முடியாது.

இன்னொண்ணு, 'போ போ'ன்னா அம்மாவோட அம்மா. பாட்டின்னு பொதுவா சொல்லாம உங்க வீட்ல கூப்பிடுற மாதிரி அம்மாச்சின்னே படிங்க, பிள்ளைங்க ஏன் தாழ்ப்பாளத் திறந்தாங்கன்னு அப்பத்தான் புரியும். பக்கத்த உங்க பொண்ணே திருப்பட்டும். எட் யங் படத்தையெல்லாம் சீன மடிப்புத் திரை மாதிரி பட்டை பட்டையா பிரிச்சு வரைஞ்சிருக்கார், வேணும்னா ஒரு பட்டைய கையால மறைச்சு வச்சிட்டு தைரியம் வந்ததும் எடுத்துப் பாக்கட்டும்.

கடைசிப் பக்கத்துல அம்மா கூடை நிறைய சாப்பாட்டோட வீடு திரும்புவாங்க, பிள்ளைங்க நடந்தத எல்லாம் அவங்களுக்குச் சொல்லும். அத படிச்ச அன்னைக்கே அம்மாச்சிக்கு போன போட்டு உங்க பொண்ணு கைல குடுத்துடுங்க. அவ முன்ன பின்ன மாத்திச் சொன்னாலும் நடுவுல திருத்தாதீங்க, முழுசா சொல்லட்டும்.