அறியொணா: எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

கேள்வி (கோண்டாவில்): சேர், அறியாத, அறியப்படாத, அறியொணாத மூன்றும் ஒன்றுதானே?

பதில்: இல்லைத் தம்பி. 'அறியாத' என்றால் எனக்கோ உங்களுக்கோ தெரியாது, அவ்வளவுதான். 'அறியப்படாத' என்றால் இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 1846க்கு முன் நெப்தியூன் கோள் அப்படித்தான் இருந்தது. 'அறியொணாத' என்றால் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. வீட்டில் நாங்கள் 'அறிய ஏலாது' என்போமே, அதேதான். எழுதுமுன் 'ஏலாது' பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பெரிய அறிஞர்களே இதில் தவறியிருக்கிறார்கள். நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதர் ஒருநாளும் அறிய முடியாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் ஒகுஸ்ட் கொம்ட் 1835இல் எழுதினார். 1859இலேயே ஜேர்மன் அறிவியலாளர் கிர்கோவும் புன்சனும், ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியைப் பிரித்தே அதிலுள்ள மூலகங்களை இனங்காணும் வழியைக் காட்டிவிட்டார்கள். கொம்ட் 'ஒணா' என்று நினைத்தது வெறும் 'அறியப்படாத' விடயம்.

கேள்வி (புத்தூர்): நிலாவரையை 'ஆழம் அறியொணாக் கிணறு' என்று மகள் கட்டுரையில் எழுதியிருக்கிறா. சரியா ஐயா?

பதில்: வேண்டாம் பிள்ளை. அதை அளந்தாயிற்று, ஐம்பது மீற்றருக்கு மேல். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. 'அடிகாணாக் கிணறு என்று ஊரார் சொல்வர்' என்று எழுதச் சொல்லுங்கோ. ஊர்ப்பேச்சும் நிற்கும், பிழையும் வராது.

கேள்வி (சாவகச்சேரி): அப்ப எதற்குத்தான் எழுதலாம்?

பதில்: இறைவனைப் பற்றி எழுதும்போது எழுதலாம். 'மாலறியா நான்முகனும் காணா மலை' என்று மார்கழியில் பாடுகிறோமே, அந்த இடம். அறிவியலிலும் உண்டு. ஓர் இலத்திரனின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய ஏலாது என்று 1927இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹைசன்பேர்க் காட்டினார். கருவியின் குறையல்ல, இயற்கையே அப்படி. அங்கே தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி (உடுவில்): சொல்லொனாவா, சொல்லொணாவா?

பதில்: மூன்று சுழி ணகரம், 'ஒண்ணா' என்பதன் குறுக்கம். 'சொல்லொணாத் துயரம்' என்றால் ஒற்று மிகும், 'சொல்லொணாத துயரம்' என்றால் மிகாது.

கேள்வி (கரவெட்டி): காணாமல் ஆக்கப்பட்டோரைக் 'கண்டறியொணாதோர்' என்று ஒரு செய்திக்குறிப்பில் எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பது அறிய ஏலாத விடயம் அல்ல, இன்னும் சொல்லப்படாத விடயம். 'ஒணா' போட்டால் தேடியும் பயனில்லை என்று ஆகிவிடும். அந்தத் தாய்மார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே இருக்கட்டும்.