வாலை ஆட்டுகிறான், வலி இருக்குமா டாக்டர்?

கேள்வி: எங்கள் நாய்க்கு 9 வயது. நன்றாகச் சாப்பிடுகிறான், என்னைக் கண்டால் வாலை ஆட்டுகிறான். ஆனால் ஒரு மாதமாகக் கட்டிலில் ஏறுவதில்லை. போன வாரம் என் மகன் இடுப்புப் பக்கம் தடவியபோது உறுமினான். இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. நொண்டவில்லை, கத்தவில்லை. வயதானால் குணம் மாறும் என்கிறார் என் கணவர். வலியாக இருக்குமா? நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: முதலில் மாத்திரை. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். இபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் உண்டு. எடையும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் எழுதுவோம்.

வலி இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டிலில் தாவப் பின்னங்கால்கள் உந்த வேண்டும். அங்கேதான் உங்கள் மகனின் கையும் பட்டிருக்கிறது. நொண்டவில்லையே என்கிறீர்கள். இரண்டு இடுப்பு மூட்டும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் எந்தக் காலைப் பார்த்து நொண்டுவான்?

தூங்கி எழுந்ததும் முதல் பத்து அடியைப் பாருங்கள். விறைப்பாக நடந்து, போகப்போகச் சரியாகிறதா? முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்து எழுகிறானா? தொடைச் சதை வற்றியிருக்கிறதா? ஒரே மூட்டை நக்கி நக்கி முடி செம்பட்டையாகியிருக்கிறதா? இதையெல்லாம் வீட்டிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேஜையைக் கண்ட பயத்தில் பாதி நாய்கள் நன்றாகவே நடந்து காட்டும்.

சாப்பாட்டை மட்டும் நம்பாதீர்கள். நானே ஏமாந்திருக்கிறேன். என் நாய் பந்தை உருட்டிவிட்டால் ஓடுவாள், பக்கத்தில் போய் நிற்பாள், வாயில் கவ்வ மாட்டாள். விளையாட்டு வயது போய்விட்டது என்று நானும் இருந்துவிட்டேன். தட்டு தினமும் காலி. ஒருநாள் அவள் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்வதைப் பார்த்து வாயைத் திறந்தால், மேல் கடைவாய்ப் பல் பிளந்து கிடக்கிறது. நாளெல்லாம் ஊரார் நாய்களின் பல்லைப் பார்ப்பவள் நான்! பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபின் பந்து மறுபடி என் மடிக்கு வந்தது.

ஒன்று, உறுமியதற்காக அவனை அதட்டாதீர்கள். அது எச்சரிக்கை. அதட்டி அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிப்பான். மருத்துவரிடம் காட்டும்வரை உங்கள் மகன் இடுப்பில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கியபடி அடிக்கடி நிற்கிறது. சோம்பல் முறிக்கிறதா?

பதில்: சோம்பல் முறிப்பது ஒரு நொடி, விளையாடக் கூப்பிடுவதும் அப்படித்தான், உடனே துள்ளி ஓடிவிடும். அந்த நிலையிலேயே நின்று, திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பாலும் வயிற்று வலி. அன்றைக்கே காட்டுங்கள். வயிறு உப்பி, குமட்டியும் ஒன்றும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரியானாலும் அப்போதே கிளம்புங்கள்.