இணைத்த பட்டியலில் வரிகள் (ரோக்கள்) பெருகுவது ஏன்?

கேள்வி: டேலி கணக்கு மென்பொருளில் எடுத்த கொள்முதல் பட்டியலையும், சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலையும் எக்செலில் பட்டியல்களைச் சேர்க்கும் கருவியான பவர் க்வெரியில், சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணை வைத்து ‘லெஃப்ட் அவுட்டர்’ முறையில் (இடப்பக்க வரிகள் எல்லாம் இருக்கும்படி) மெர்ஜ் (இணைப்பு) செய்தேன். டேலியில் 400 வரிகள்தான். இணைத்ததும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பில் எண்ணை வைத்துச் செய்தால் பாதி வரிகளுக்கு எதிர்ப்பக்கம் காலி. எங்கே கோளாறு?
– ஷூ கம்பெனி கணக்காளர், ஆம்பூர்

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

ஒரு ராணிப்பேட்டை டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) பில்கள் டேலியில் 4, 2பி-யில் 4 என்றால், ஜிஎஸ்டி எண்ணை மட்டும் வைத்து இணைக்கும்போது ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்து நான்கோடும் சேர்ந்து 16 வரிகளாகும். ஜிஎஸ்டி எண், பில் எண் இரண்டையும் சேர்த்தே இணையுங்கள். மெர்ஜ் பெட்டியில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இரு பக்கமும் இந்த இரண்டு வரிசைகளின் (காலம்) தலைப்பையும் ஒரே ஒழுங்கில் சொடுக்க வேண்டும். தலைப்பில் 1, 2 என்று தெரியும். சப்ளையர் பெயரை நம்பவே வேண்டாம். ஒரே நிறுவனத்துக்கு ராணிப்பேட்டையில் 33-ல் (தமிழ்நாடு) தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணும், சித்தூர் கிளைக்கு 37-ல் (ஆந்திரா) தொடங்கும் எண்ணும் இருக்கலாம். கெமிக்கல் பில்லில் மூன்று சரக்கு இருந்து டேலிப் பட்டியலில் அது மூன்று வரியாக வந்திருந்தால், இணைப்பதற்கு முன்பே ‘குரூப் பை’ கொடுத்து ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று தொகையைக் கூட்டிவிடுங்கள்.

அடுத்தது காலி வரிகள். ஃபைலை ஏற்றியதும் பவர் க்வெரி தானாகவே ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒரு படியைச் சேர்க்கும். எல்லாமே எண்ணாக உள்ள பில் வரிசையில் 045 வெறும் 45 ஆவது அங்கேதான். அந்தப் படியை நீக்கிவிட்டு, பில் எண்ணை இரு பக்கமும் ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபட்டாலும், கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் பொருந்தாது. ‘ட்ரான்ஸ்ஃபார்ம்’ மெனுவில் ‘ஃபார்மட்’ போய் ட்ரிம், அப்பர்கேஸ் இரண்டையும் கொடுங்கள். டேலியில் பதிந்தவரே 45 என்று அடித்திருந்தால் இதெல்லாம் உதவாது, வவுச்சரைத்தான் திருத்த வேண்டும். ‘ஃபஸ்ஸி’ (ஏறக்குறைய ஒத்தவற்றையும் சேர்க்கும்) பொருத்தத்தின் பக்கம் போகாதீர்கள். பெயர்களுக்கு அது சரி. பில் எண்ணில் 1021-ஐயும் 1012-ஐயும் ஜோடி சேர்த்தால் யார் பதில் சொல்வது?

ஓகே அழுத்துமுன் பெட்டியின் அடியில், எத்தனை வரிகளில் எத்தனை பொருந்தின என்று ஒரு வரி தெரியும். அதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம்.

உங்கள் வேலைக்கு, இரு பக்க வரிகளும் விடுபடாத ‘ஃபுல் அவுட்டர்’தான் ஏற்றது. இணைத்த பட்டியலை விரிக்கும்போது (எக்ஸ்பாண்ட்) வலப்பக்கத்து (2பி) ஜிஎஸ்டி எண், பில் எண்ணையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் 2பி-யில் மட்டும் இருக்கும் பில் யாருடையது என்றே தெரியாது. வலப்பக்கம் காலியென்றால் அந்த மாத 2பி-யில் பில் ஏறவில்லை: சப்ளையர் தாக்கல் செய்யாமலோ தாமதமாகவோ இருக்கலாம். இடப்பக்கம் (டேலி) காலியென்றால் நம் கணக்கில் பதியவில்லை. தொகையை இணைப்பு வரிசையாக வைக்காமல், தனி வரிசையில் கழித்துப் பாருங்கள். பைசா ரவுண்டிங்கால் ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் வருவது சகஜம்.

கேள்வி: தரவுகளைச் சேர்த்து மாற்றும் பென்டாஹோ மென்பொருளில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தள டேபிளையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) ஃபைலையும் ‘மெர்ஜ் ஜாயின்’ செய்கிறேன். பிழைச் செய்தி இல்லை, ஆனால் பல வரிகள் விட்டுப்போகின்றன.
– மாணவி, காட்பாடி

பதில்: மெர்ஜ் ஜாயினுக்கு இரு பக்கமும் இணைப்பு வரிசையின் (காலம்) மதிப்புப்படி அடுக்கியிருக்க வேண்டும். அடுக்காவிட்டால் வேலையை நிறுத்தாது, தவறான விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். மைஎஸ்க்யூஎல்லில் அடுக்கச் சொல்லும் ‘ஆர்டர் பை’ போட்டிருக்கிறேன் என்பீர்கள். மைஎஸ்க்யூஎல் எழுத்துகளை அடுக்கும் விதியும் பென்டாஹோவின் விதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் ‘சார்ட் ரோஸ்’ வையுங்கள். சிஎஸ்வி சின்னதாக இருந்து, ஒரு சாவிக்கு (பொருத்தும் மதிப்புக்கு) ஒரே வரி என்றால் ‘ஸ்ட்ரீம் லுக்அப்’ போதும்; அதற்கு அடுக்கத் தேவையில்லை.

கேள்வி: பவர் க்வெரியில் 12 மாத ஃபைல்களை ஒன்றாக்க மெர்ஜா, அப்பெண்டா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: அப்பெண்ட், அதாவது வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ப்பது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ‘ஃப்ரம் ஃபோல்டர்’ கொடுங்கள். தலைப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒரு மாதத்தில் ‘தொகை’, இன்னொன்றில் ‘மொத்தத் தொகை’ என்றிருந்தால் அந்த மாதத்துத் தொகை வராது.