வாழைச்சேனை ஆலையும் வைக்கோலும்

அன்புள்ள அண்ணா,

போன கட்டுரையில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். நான் கல்முனையில் படிப்பிக்கிறேன். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போன கதையை வகுப்பில் சொன்னபோது, "மட்டக்களப்பிலயே ஆலை இருந்ததுதானே ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சண்டைதான் அதை அழித்தது என்றேன். சொன்னது சரிதானா?

ஒரு வாசகி, கல்முனை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாதி சரி.

அந்த ஆலையைப் பற்றிப் பேச்செடுத்தால் தொடக்கத்துக்கு ஜீ.ஜீ. பொன்னம்பலம், முடிவுக்கு யுத்தம் என்று எல்லாரும் கதையை முடித்துவிடுவார்கள். இரண்டும் பொய்யில்லை. 1948இல் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சரானவர் அவர். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி மூன்றையும் அவர் பேரோடு சேர்த்தே சொல்வது வழக்கம். 1953இல் அவருடைய பதவி போனது. வாழைச்சேனையில் கடதாசி வரத் தொடங்கியது அதற்குப் பிறகு, ஐம்பதுகளின் நடுவில். மேடைக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தக் கதையில் வைக்கோலைக் காணவில்லை.

முதலில் நம்பியது இலுக்கை. கூரை வேய்கிற அதே புல். ஓர் ஆலையின் பசிக்கு அது கட்டுப்படியாகவில்லை, வைக்கோலுக்கு மாறினார்கள். வைக்கோலை அவித்துக் கூழாக்கித்தான் கடதாசி செய்வார்கள். ஒரு தொன் கூழுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வைக்கோல் வேண்டும். லொறி நிறைய ஏற்றினாலும் பாரம் சொற்பம், கூலி மட்டும் முழுசு. அறுவடையோ வருசத்தில் இரண்டு தரம். பெரும்போக வெட்டு நேரத்தில் மழை விட்டுக்கொடுக்காத வருசங்களை உங்களுக்கே தெரியும். களவெட்டியில் நனைந்த வைக்கோல் அவியலுக்கு முன்னமே உக்கிப்போகும். காய்ந்ததை மாதக்கணக்கில் குவித்து வைத்தால் நெருப்புப் பயம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது வைக்கோலுக்குள்ளேயே இருந்தது. நெல் வைக்கோலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற பொருள். காஸ்டிக் சோடா என்கிற காரத்தில் அவிக்கும்போது அதுவும் கரைந்து, மிஞ்சுகிற கறுப்புச் சாற்றோடு போய்விடும். மரத்தை அவிக்கிற ஆலைகள் அந்தச் சாற்றை வற்றவைத்து எரித்து, சோடாவையும் மீட்கும், நீராவியும் எடுக்கும். வைக்கோல் சாற்றை வற்றவைத்தால் உப்புத் தண்ணி கொதிக்கிற கேத்தலில் போல குழாய்களில் காறை பிடித்துவிடும். ஆகவே சோடாவை மீட்க வழியில்லை. ஒவ்வொரு அவியலுக்கும் புதுச் சோடா வாங்க வேண்டும், பழையது வாவிப் பக்கம் போகும். மீன் பிடிக்கிறவர்களுக்கும் ஆலைக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று: வைக்கோல் நார் குட்டை. கூழில் தண்ணி இறங்க நேரமெடுக்கும், மெசினை வேகமாக ஓட்ட முடியாது. கடதாசி கிழியாமல் இருக்க, வெளிநாட்டிலிருந்து நீள நார்க் கூழ் வாங்கிக் கலக்க வேண்டும்.

இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தவரை இந்தச் செலவெல்லாம் வெளியே தெரியவில்லை. 1977இல் கதவு திறந்தது. அதற்குப் பிறகும் எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவது ஆலையை வைக்கோலை நம்பியே தொடங்கினார்கள். அந்தத் துணிச்சலை மெச்சுவதா, நோவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

யுத்தம் பிறகுதான் வந்தது. அது செய்த கேட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. சோடா செய்த பரந்தன் நின்றது, வயல் வட்டைகளுக்குப் போகிற பாதைகள் அடைபட்டன, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக வேலை செய்த இடம் கலைந்தது. அந்தக் கடைசி இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆனால் யுத்தம் வந்து விழுத்தியது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆலையை.

புல்லையும் சக்கையையும் வைத்துக் கடதாசி செய்யவே முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையில் செய்கிறார்கள். சீனி ஆலைகள் சக்கையைத் தரும், பதிலுக்கு நீராவியோ எரிபொருளோ வாங்கும். அம்பாறையில் ஹிங்குராணைச் சீனி ஆலையும் இருக்கிறது. சக்கையில் சிலிக்கா வைக்கோலைவிடக் குறைவு.

பிள்ளைகள் கேட்டதற்கு நேர்ப் பதில் இது: வாழைச்சேனை 2022இல் முழுமூச்சாக ஓடியிருந்தாலும் நீள நார்க் கூழுக்கும் சோடாவுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் டொலர் வேண்டும். அன்று நாட்டில் இல்லாமல் போனது அந்த டொலர்தான். கொஞ்சம் கடதாசி கிடைத்திருக்கும். பரீட்சை தள்ளிப்போகாமல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.