14 வயது காக்கட்டூவை எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்கிறது. அவர்கள் வளர்க்கும் 14 வயது வெள்ளைக் காக்கட்டூவை (கொண்டை உள்ள கிளி இனம்) எங்களுக்குத் தர விரும்புகிறார்கள். அம்ப்ரெல்லா வகை. பறவைக்குப் பணம் வேண்டாமாம், கூண்டுக்கு மட்டும் 15,000 ரூபாய் கேட்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியார் இருப்பார். அவருக்கு வீஸிங் உண்டு. மகளுக்கு 9 வயது. எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் மாமியாரைப் பற்றிப் பேசிவிடுவோம். காக்கட்டூவின் இறகுகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தூவி வெள்ளைத் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். டிவி திரை, ஃபேன் இறக்கை, துணிமணி என்று எல்லாவற்றிலும் படியும். தினமும் துடைத்தாலும் நிற்காது. வீஸிங் உள்ளவர்களுக்கு இது நல்லதில்லை. அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் சரி என்றாலும், அந்த வீட்டில் பறவை இருக்கும் அறையிலேயே சில நாள் அவரை உட்கார வைத்துப் பாருங்கள். மூச்சு இழுத்தால் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். வருத்தம் வேண்டாம்; ஆறு மாதம் கழித்து இன்னொரு வீட்டுக்குத் தள்ளப்படுவதைவிடப் பறவைக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது சத்தம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்துவது இதன் இயல்பு, பழக்கி நிறுத்த முடியாது. அடுக்ககம் என்பதால் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போய்க் கேளுங்கள். பறவையைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் மதியத்தில்தான் கூப்பிடுவார்கள். அப்போது அது அமைதியாக இருக்கும்.

14 வயது என்பது இதற்கு இளமை. நன்றாகப் பராமரித்தால் 40, 50 ஆண்டுகள் வாழக்கூடிய பறவை. அமெரிக்காவில் சிகாகோ அருகே புரூக்ஃபீல்ட் விலங்கியல் பூங்காவில் இருந்த குக்கி என்ற காக்கட்டூ (அது வேறு வகை) 2016இல் இறந்தபோது அதற்கு 83 வயது. உங்களுக்குப் பிறகு இதை மகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதையும் இப்போதே பேசி முடிவெடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மனம் மாறவில்லை என்றால் காகிதங்களுக்கு வருவோம். வெளிநாட்டுப் பறவைக்குச் சட்டமே கிடையாது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டீஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினங்கள் அதன் நான்காம் அட்டவணையில் வருகின்றன. அம்ப்ரெல்லா காக்கட்டூவும் அதில் ஒன்று. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய். ஆகவே அவர்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வன அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் விமானம் ஏறுவதற்குள் சரிசெய்யச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம், கால் வளையத்தின் எண், வாங்கியபோது கொடுத்த ரசீது, மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக வரும் பறவைக்கு நோய் இருந்தது என்று பிறகு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது; விலை கொடுத்து வாங்குபவருக்குத்தான் அந்த உரிமை.

அதனால் கொண்டுவருவதற்கு முன்பே பறவை மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அலகு, இறகு நோய் என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. காக்கட்டூகளுக்கு அதிகம் வரும், குணப்படுத்த மருந்து இல்லை. இறகையோ ரத்தத்தையோ லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம். நீங்களே கவனிக்கவும் ஓர் அடையாளம் உண்டு. இந்த வகையின் கருத்த அலகில் தூள் படிந்து சாம்பல் பூத்திருக்க வேண்டும். குளிக்காத நாளிலும் அலகு பளபளவென்று கருப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நெஞ்சில் மட்டும் இறகு இல்லையென்றால் அதுவே பிடுங்கியிருக்கலாம். தலையில் இறகு போயிருந்தால் அது வேறு விஷயம், தன் தலைக்குத் தன் அலகு எட்டாது. மனிதருக்கும் தொற்றக்கூடிய சிட்டகோசிஸ் காய்ச்சலுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கூண்டுக்கு 15,000 கொடுக்கலாமா என்பது அதன் அளவையும் பூச்சையும் பொறுத்தது. உள்ளே இரண்டு இறக்கையையும் முழுதாக விரிக்க இடம் வேண்டும். துத்தநாகப் பூச்சு உரிந்த கம்பி என்றால் வேண்டவே வேண்டாம்; பறவை அதைக் கடித்துக்கொண்டே இருக்கும், துத்தநாகம் அதற்கு விஷம். ஆனால் கூண்டு நன்றாக இருந்தால் பேரம் பேசாமல் அதையே வாங்குங்கள். வீடும் ஆளும் மாறும்போது அந்தக் கூண்டாவது அதற்குப் பழகியதாக இருக்கும்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு ஒரு குடும்பத்திடமிருந்து காக்கட்டூவைத் தத்தெடுத்தேன். முதல் இரண்டு வாரம் விடுமுறை என்பதால் நாள் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன், தடவிக்கொடுத்தால் சொக்கிப்போகும். இப்போது நான் அறையை விட்டு நகர்ந்தாலே அலறுகிறது. என் மனைவியைக் கடித்துவிட்டது. நெஞ்சு இறகைப் பிடுங்குகிறது. குறையை மறைத்துக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், கோவை

பதில்: மறைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் வேறொரு காரணமும் தெரிகிறது. புது வீட்டுக்கு வந்த பறவைக்கு முதல் வாரத்தில் எதைக் கொடுக்கிறோமோ, அதைத்தான் அது வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேர மடியைக் கொடுத்துவிட்டு, வேலை தொடங்கியதும் அரை மணியாகக் குறைத்தால் அதற்குப் புரியாது. அதனால்தான் ஓராண்டுக்குப் பிறகும் உங்களால் கொடுக்க முடிகிற நேரத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கொடுக்கச் சொல்கிறோம். இப்போதும் சரிசெய்யலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தத் தொடுதல் அதற்கு இணை தேடும் உணர்வைத் தூண்டும். அப்புறம் உங்களை ஜோடியாக நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வருபவரை விரட்டும். உங்கள் மனைவியைக் கடித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தலையும் கழுத்தும் போதும். பிடித்த தின்பண்டத்தை இனி அவர் கையால் மட்டும் கிடைக்கச் செய்யுங்கள், கூண்டுக் கம்பிக்கு வெளியே நின்றே கொடுக்கட்டும். கொண்டை சட்டென்று எழுந்து உடம்பு விறைத்தால் கையை நீட்ட வேண்டாம். கன்னத்து இறகு உப்பி அலகை மூடியிருந்தால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அலறும்போது ஓடிப்போகவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். இரண்டுமே அதற்குப் பதில்தான். சத்தம் நின்ற அந்த நொடியில் போய்ப் பேசுங்கள். நீங்கள் வேறு அறையில் இருக்கும்போது ஒரே மாதிரி சீட்டியடித்துக் குரல் கொடுங்கள். காட்டில் கூட்டம் இப்படித்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். பல பறவைகள் இதற்குப் பிறகு அலறலைக் குறைத்துக்கொள்ளும்.

வாய்க்கு வேலை வேண்டும். காயாத தேங்காய் மட்டை, பூச்சு அடிக்காத கொய்யாக் கிளை, வேப்பங்கிளை எதுவானாலும் சரி, நாள் முழுக்க உரித்துப் போடட்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஹாலில் டிவி பக்கத்தில் கூண்டு இருந்தால் இடம் மாற்றுங்கள். சூரியகாந்தி விதையை மட்டும் தின்று வளர்ந்த பறவை என்றால் வைட்டமின் ஏ குறைந்திருக்கும். கேரட், பூசணி, முருங்கைக்கீரை, முளைகட்டிய பாசிப்பயறு, பெல்லட் (கடையில் கிடைக்கும் பறவைத் தீவனக் குருணை) என்று மெதுவாக மாற்றுங்கள், பட்டினி போட்டு மாற்றாதீர்கள். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே டாக்டர். இறகு பிடுங்குவதற்காகவும் ஒருமுறை காட்டிவிடுங்கள், தோல் நோயாலும் கல்லீரல் கோளாறாலும்கூடப் பிடுங்கும்.

வெளியே விடும்போது சீலிங் ஃபேன் நின்றிருக்க வேண்டும். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து விட்டால் அதிலிருந்து வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் அந்தப் பக்கம் வர வேண்டாம். அவகாடோ, சாக்லேட், காபி கூடவே கூடாது.

கேள்வி: 'நல்ல வீடு தேடும் காக்கட்டூ, இலவசம்' என்று ஆன்லைனில் பார்த்தேன். வேறு மாநிலத்திலிருந்து அனுப்ப 12,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் பறவையை, முகம் தெரியாதவர் கூரியரில் சும்மா அனுப்ப மாட்டார். முதலில் அட்வான்ஸ், பிறகு இன்சூரன்ஸ், பிறகு கூண்டு டெபாசிட் என்று கேட்டுக்கொண்டே போவார்கள், பறவை வராது. வீடியோ காலில் பறவையையும் கால் வளையத்தையும் காட்டச் சொல்லுங்கள், பரிவேஷ் பதிவைக் கேளுங்கள், நேரில் வருகிறேன் என்று சொல்லுங்கள். தட்டிக்கழித்தால் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.